அருட்பிரகாசம் அண்ணையின் கல்வெட்டும் ஓர் அமெரிக்கரும்

ரொம்சோஸ், ஒஸ்லோ
பங்குனி மாதம், பனி இன்னும் போக மனமில்லாத ஒரு சனிக்கிழமை

‘உறைபனி’ காலாண்டிதழின் கௌரவ ஆசிரியரும் என் தங்கையின் மூத்த மகனுமாகிய அன்பின் தக்சனுக்கு மாமா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் மாமியும், என் இடது முழங்கால் நீங்கலாக, சுகம். லில்லெஸ்ட்ரோமில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், குறைந்தது இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும் வரையிலாவது. இதில் ‘தாங்கள்’ என்று வரும் இடங்களில் நான் ஆசிரியரோடு பேசுகிறேன் என்றும், ‘நீ’ என்று வரும் இடங்களில் மருமகனோடு பேசுகிறேன் என்றும் கொள்ளவும். கோபம் ஏறும்போது இரண்டும் கலக்கக்கூடும். அதற்கு முன்கூட்டியே வருந்துகிறேன்.

விஷயம் இதுதான். தங்கள் இதழில் சென்ற ஆண்டு முதல் வெளிவரும் ‘எழுதுவது பற்றிச் சில ஐயங்கள்’ என்ற கட்டுரைத் தொடரை உடனடியாக நிறுத்துமாறு ஒரு நிரந்தரச் சந்தாதாரன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். அதை மொழிபெயர்க்கும் பிள்ளை ராகவி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல தமிழ். அந்த நல்ல தமிழ் என்ன சொல்கிறது என்பதில்தான் குறை. கட்டுரைகளை எழுதிய அமெரிக்கரின் பெயர் தங்கள் இதழில் ஒரு வரியில் தொடங்கி அடுத்த வரியில் முடிகிறது. ஆகவே இங்கே அமெரிக்கர் என்றே குறிப்பிடுகிறேன். அவர் பின்நவீனத்துவக் கதைகள் எழுதுபவர் என்றும், அவருடைய நாவல் ஒன்றில் பாத்திரங்கள் பாதியில் எழுந்து ஆசிரியரிடம் வேலை நேரம் அதிகம் என்று முறையிடுகின்றன என்றும் அறிமுகக் குறிப்பில் போட்டிருந்தீர்கள். நோர்வேயில் என்றால் அந்த விவகாரத்தைத் தொழிற்சங்கம் பார்த்திருக்கும், நாவல் தேவைப்பட்டிருக்காது. அது அவருடைய நாட்டுப் பிரச்சினை என்று விட்டுவிட்டேன். ஆனால் கட்டுரைகளை அப்படி விட முடியவில்லை. முதல் கட்டுரையில் சொல்கிறார்: எல்லாரும் பாவித்த வாக்கியம் ஹோட்டலில் முகம் துடைக்கத் தரும் துவாய் போன்றது, தோய்த்திருக்கும், மடித்திருக்கும், யாருடையதும் அல்ல. இரண்டாவதில்: கதையைத் தொடக்கத்தில் தொடங்குவது விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே நிறுத்தி வைப்பது, நேரே சமையலறைக்குக் கூட்டிவா. மூன்றாவதில்: சரியான பொருளுக்குப் பக்கத்தில் பிழையான பொருளை வை, வைத்துவிட்டுப் பொறு. எதற்குப் பொறுப்பது என்று சொல்லவில்லை. இவையெல்லாம் நியூயோர்க்கில் வாசிக்கச் சுவையானவை. ரொம்சோஸில் இவற்றை ஒருவர் நம்பினால் என்ன நடக்கும் என்பதைத் தாங்கள் யோசிக்கவில்லை. உன் மாமி நம்பிவிட்டார்.

நீ இங்கே பிறந்தவன். கல்வெட்டு என்றதும் உனக்கு அரும்பொருட்காட்சியகம்தான் ஞாபகம் வரும். நாங்கள் கல்வெட்டு என்று சொல்வது ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், கிரியைகள் முடிந்து, சாப்பாட்டுக்கு முன் வந்தவர்கள் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை. முகப்பில் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரர் புலம்பல், கடைசியில் உறவினர் பெயர்ப் பட்டியலும் நன்றியும். கையில் வாங்கியவர் முதலில் திறப்பது கடைசிப் பக்கத்தை. தன் பெயர் இருக்கிறதா, பிழையில்லாமல் இருக்கிறதா, தனக்கு ஆகாதவனின் பெயருக்கு மேலே இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு புத்தகத்தைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். மண்டபம் கூட்டுகிறவர் அதைப் பின்னர் எடுத்து வைப்பார். இது ஒரு நல்ல முறை. யாருக்கும் மனம் நோகாது.

நாங்கள் வசிக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் காலமான நம்மவர்களில் பெரும்பாலானோருக்குக் கல்வெட்டு எழுதியவன் உன் மாமன் என்பது உனக்குத் தெரியும். நான் எழுதியவர்கள் எல்லாரும் இன்முகம் மாறாதவர்கள். வந்தாரை வரவேற்றவர்கள், கள்ளங்கபடம் அற்றவர்கள், கொடுத்துச் சிவந்த கரத்தினர். ஒஸ்லோவில் கபடம் உள்ள ஒரு தமிழரும் இதுவரை இறக்கவில்லை. மனைவி புலம்பலையும் நானே எழுதுவேன். இத்தனை ஆண்டுகளாகப் பிறருடைய மனைவிமாரின் குரலில் விருத்தம் விருத்தமாக அழுதிருக்கிறேன். அந்த மனைவிமார் ஒருவரும் ஆட்சேபித்ததில்லை. வாசித்திருந்தால்தானே ஆட்சேபிப்பதற்கு. எழுதுகிறவன் தன் பக்கத்திலிருந்து காணாமல் போய்விட வேண்டும் என்று தங்கள் அமெரிக்கர் ஓரிடத்தில் பெரிய கண்டுபிடிப்புப் போலச் சொல்கிறார். நான் எந்தக் கல்வெட்டிலும் என் பெயரைப் போட்டதே கிடையாது.

தை மாதம் அருட்பிரகாசம் அண்ணை போய்விட்டார். செத்தவீட்டுக்கு நீயும் வந்திருந்தாய். நான் அவருக்கும் எழுதினேன். நாங்கள் இருவரும் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வடக்கே ஓர் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். அதற்குப் பிறகும் அரை மணித்தியால நடைக்கு அப்பால் ஒருவரை விட்டு ஒருவர் வசித்ததில்லை. அத்தனை நெருங்கிய சிநேகிதர் என்றபடியால் வழக்கமாகப் போடும் நற்குணங்களோடு இரண்டைக் கூட்டிப் போட்டேன். எழுதியதை எடுத்துக்கொண்டு மாமியோடு அண்ணையின் மனைவி ராசமலர் அக்காவிடம் போனேன். அவர் செத்தவீட்டுக்குப் பிறகு அதிகம் பேசுவதில்லை. யாராவது ஏதாவது கேட்டால் மகள்மார்தான் பதில் சொன்னார்கள். அன்றைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் கொடுத்ததை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். என் எழுத்து வாழ்க்கையில் ஒருவர் ஒரு கல்வெட்டை முழுதாக வாசித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“தம்பி, இது ஆர்?” என்றார்.

“அண்ணைதான் அக்கா.”

“பேர் அவற்றை பேர்தான். ஆள் ஆர்?”

அவர் விரலை வைத்து வாசித்தார். “இன்முகம் மாறாதவராம். பாஸ்போட்டுக்குப் படமெடுத்த பெட்டை இவற்றை முகத்தைப் பாத்திட்டு, ஏதும் வருத்தமோ எண்டு கேட்டவள். வந்தாரை வரவேற்றவராம். கதவைத் திறந்தா வாய் திறந்து வா எண்டு சொல்லமாட்டார், சப்பாத்தைக் கழட்டு எண்டுதான் சொல்லுவார்.” கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். “இவற்றை சாமான் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போட்டினம், தம்பி. உடுப்பு, மருந்து, சக்கர நாற்காலி. இதுக்குள்ளை எண்டாலும் ஒருக்கா இவரைப் பாக்கலாம் எண்டு நினைச்சன். பரவாயில்லை. அச்சடிச்சுக் குடுங்கோ. இல்லாட்டிச் சனம் கேக்கும்.”

திரும்பி வரும்போது பஸ்சில் மாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் தரிப்பிடம் நெருங்கும்போது மட்டும் என் பக்கம் திரும்பி, “நீங்கள் அந்த மனிசிக்குக் குடுத்தது ஹோட்டல் துவாய்” என்றார். அப்போதுதான் அவர் தங்கள் இதழைச் சமையலுக்கு இடையில் வாசித்து வருகிறார் என்பது எனக்குத் தெரிய வந்தது.

தாங்கள் மாமியை அறிவீர்கள். அதுவரை அவர் எழுதியவை கடைச் சாமான் பட்டியல்களும், மேல்வீட்டுக்காரரின் நாயைப் பற்றித் தொடர்மாடி நிர்வாகத்துக்கு ஒரு முறைப்பாடும்தான். முறைப்பாடு நன்றாக இருந்தது. நாய் வீடு மாறிப் போய்விட்டது. அப்படிப்பட்டவர் மறுநாள் காலை சமையலறை மேசையைத் துடைத்து, அமெரிக்கரின் மூன்று கட்டுரைகளையும் உப்புப் போத்தலில் சாய்த்து வைத்து, எழுதத் தொடங்கினார். ஒரு வரி எழுதுவார், வெட்டுவார், எழுந்துபோய் வெங்காயம் உரிப்பார். கண் சிவந்து வருவார். வெங்காயம் உரிப்பவர் கண் சிவப்பது இயற்கை என்று நானும் கேட்கவில்லை. அந்தக் கிழமை எங்கள் வீட்டில் எல்லாக் கறியிலும் வெங்காயம் அதிகமாக இருந்தது. இடையில் என்னையும் விசாரித்தார்.

“நீங்கள் அவரோடை ஒரு அறையிலை இருந்தனீங்கள். அண்ணை என்ன செய்வார்?”

“குறட்டை விடுவார்.”

“அப்ப அதைப் போடுவம்.”

“கல்வெட்டிலை குறட்டையோ?”

“இன்முகத்தைப் போடேக்கை குறட்டையைப் போட்டா என்ன?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது நீளமானது; அவர் அதற்குள் வெங்காயத்துக்குப் போய்விட்டார்.

எழுதி முடித்ததை எனக்குக் காட்டினார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். கல்வெட்டு என்பது ‘ஈழவள நாட்டின் சிரமெனத் திகழும்’ என்று தொடங்க வேண்டும். இது, “வெங்காயம் மலிவு, இண்டைக்கு மட்டும்” என்று தொடங்கியது. அண்ணை தொலைபேசி எடுத்தால் வணக்கம், ஹலோ ஒன்றும் கிடையாது. இப்படித்தான் தொடங்குவார், அதிலேயே முடித்து வைத்துவிடுவார். தொடக்கமும் முடிவும் இல்லாமல் கதை சொல்ல அமெரிக்கர் பல்கலைக்கழகம் போய்க் கற்றிருக்கிறார். அண்ணை அதை எங்கள் எல்லாருக்கும் சாப்பாட்டு நேரத்தில் இலவசமாகச் செய்துகொண்டிருந்தார். அடுத்த பக்கத்தில் ஒரு திருத்தாண்டகம், அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆறு சோடி பனிச்சறுக்குக் கட்டைகளின் படம். அவர் மலிவு விற்பனையில் வாங்கிக் கீழ்த்தள அறையில் அடுக்கி வைத்திருந்தவை, ஒன்றுகூடப் பனியைத் தொட்டதில்லை. ஒவ்வொரு கார்த்திகையும் “இந்த முறை பார்” என்பார். படத்தின் கீழே ஓர் அடிக்குறிப்பு: ‘விழுந்துவிடுவேன் என்று பயம் என ஒருமுறை சொன்னார். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார்.’ சரியான பொருளுக்குப் பக்கத்தில் பிழையான பொருள். வைத்தாயிற்று, இனிப் பொறுக்க வேண்டியதுதான்.

பிறகு அந்த மினுங்கும் பட்டிகள். இருட்டில் வாகன வெளிச்சம் பட்டால் பளிச்சிடும், சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னப் பட்டிகள். உனக்கும் எத்தனையோ குத்தியிருப்பார். ரி-பானா சுரங்க ரயில் தண்டவாளத்தில் வேலை செய்து இளைப்பாறியவருக்கு மனிதர்கள் இரண்டு வகை: இருட்டில் தெரிகிறவர்கள், அடிபடப் போகிறவர்கள். வீட்டுக்கு வந்தவர் வெளிக்கிடும்போது போய்வா என்று சொல்லமாட்டார். கேட்காமலே மேலங்கியைப் பிடித்து ஒரு பட்டியைக் குத்திவிட்டுக் கதவைச் சாத்துவார். நான் ‘விருந்தோம்பல்’ என்று ஒரே சொல்லில் எழுதியிருந்ததை மாமி இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார், அதில் விருந்தோம்பல் என்ற சொல்லே இல்லை. மனைவி புலம்பல் என்ற தலைப்பின் கீழே வெறும் பக்கம். அடியில் ஒரு வரி: ‘இதை ராசமலர்தான் சொல்ல வேண்டும். அவருக்காக வேறொருவர் அழுவது முறையல்ல.’ இது யாருக்குச் சொன்னது என்பது எனக்கு விளங்காமல் இல்லை.

உறவினர் பட்டியலைத் தொட வேண்டாம் என்று மன்றாடினேன். தொட்டார். அங்கேயும் அடிக்குறிப்பு. தர்மலிங்கம் என்ற பெயருக்குக் கீழே, ‘மைத்துனர். தன் மகளின் கலியாணத்துக்குப் பிறகு அண்ணையோடு கதைப்பதில்லை. காரணம் இருவருக்கும் மறந்துபோனபடியால் திரும்பத் தொடங்க வழி தெரியவில்லை’ என்று அச்சில். தர்மலிங்கத்தார் இரத்த அழுத்தக்காரர். நான் கும்பிட்டுக் கேட்டேன், நீக்கவில்லை.

லில்லெஸ்ட்ரோமில் அச்சகம் வைத்திருக்கும் றொஷானுக்கு அனுப்பினோம். அவன் நல்ல பிள்ளை, எங்கள் கல்வெட்டுகளை அடித்து அடித்துக் கண்ணை மூடிக்கொண்டே பக்கம் கட்டுவான். மறுநாள் தொலைபேசி எடுத்து, “அங்கிள், பக்கங்கள் மாறிப்போய் வந்திருக்கு, நான் ஒழுங்காக்கிப் போட்டன்” என்றான். பிறப்பை முதலில் வைத்து, வெங்காயத்தைத் தூக்கிவிட்டு, வெறும் பக்கத்தில் தன்னிடம் கைவசம் இருந்த ஒரு புலம்பலைப் போட்டு நிரப்பியிருந்தான். அந்தப் புலம்பல் நான் எழுதியதுதான், வேறொருவருக்கு. மாமி அன்றைக்கே ரயில் ஏறிப் போய், அவன் கணினிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பக்கத்தையும் பழையபடி குழப்பி வைப்பித்தார். “அன்ரி, சனம் நான் பிழையா அடிச்சன் எண்டு சொல்லும், என்ரை தொழில் போயிடும்” என்று அவன் அழாத குறை. முதல் பக்கத்தில் ‘பக்கங்கள் சரியாகவே உள்ளன’ என்று ஒரு வரி போட்ட பிறகுதான் அடித்துக் கொடுத்தான். அந்த வரியும் அமெரிக்கர் பாணியில் அமைந்துவிட்டது தற்செயல். ஆக்கம் யோகராணி என்று மாமியின் பெயர் பின்னட்டையில் சின்ன எழுத்தில் வந்தது.

முப்பத்தோராம் நாளான அந்தியேட்டி வந்தது. மண்டபத்தில் கிரியைகள் முடிந்து மகள்மார் கல்வெட்டைக் கொடுக்கத் தொடங்கினார்கள். நான் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், வெளிக்கதவுக்கு அருகே இடம் பிடித்து நின்றேன். வழக்கம்போல எல்லாரும் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்கள். அங்கே அடிக்குறிப்பைக் கண்டார்கள். அடுத்தவருக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு பின்னுக்கிருந்து முன்னுக்கு வாசிக்கத் தொடங்கினார்கள். யாரோ ஒருவர் சிரித்தார், உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் கூடிய மண்டபத்தில் சோறு ஆறி நான் பார்த்ததில்லை. தர்மலிங்கத்தார் எழும்பினார். புத்தகத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நேரே ராசமலர் அக்காவின் முன் வந்து நின்றார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றது வீண்போகாது என்று நினைத்தேன்.

“மச்சாள், இதிலை பிழை இருக்கு. எனக்குக் காரணம் மறக்கேல்லை” என்றார்.

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் அது தெரிந்தது. “பிள்ளையின்ரை கலியாணத்துக்கு இவன் வாசல்லை நிண்டு, வந்த அவ்வளவு சனத்துக்கும் அந்தப் பட்டியைக் குத்திவிட்டவன். பட்டுச் சீலையிலை. மாப்பிள்ளையின்ரை சால்வையிலை. ஐயரையும் விடேல்லை. வீடியோக்காரன் லைற்றைப் போட்டா ஒருத்தற்றை முகமும் தெரியேல்லை, ஒரே மினுக்கம். அவ்வளவு செலவழிச்ச வீடியோ. அண்டையோடை விட்டனான்.” நிறுத்தினார். தண்ணீர் கேட்பாரோ என்று நினைத்தேன், கேட்கவில்லை. “இவன் போன பிறகு அந்த வீடியோவைப் போட்டுப் பாத்தனான், மச்சாள். எல்லாரிலையும் இவன்தான் மினுங்கிறான்.”

ராசமலர் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“மாப்பிள்ளைக்குக் குத்தினது அவர் இல்லை, நான்” என்றார். “அவர் குத்தினா பட்டுக் கிழியும் எண்டு நான் வாங்கிக் குத்தினனான். எல்லாத்தையும் அவரிலை போடாதேங்கோ.”

அதுதான் தொடக்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார். வெங்காயம் இல்லையாம், அண்ணை கடைசியாகத் தொலைபேசி எடுத்துச் சொன்னது உருளைக்கிழங்காம். கட்டைகள் ஆறு சோடி இல்லையாம், ஏழாம். ஏழாவது தனக்கென்று வாங்கியதாம், அது கட்டிலுக்குக் கீழே இருக்கிறதாம். குறட்டை என்று எழுதியிருப்பது மிகக் குறைத்து எழுதியதாம். மகள்மார் இரண்டு பக்கமும் வந்து இருந்து, “அம்மா, மெல்ல” என்றார்கள். அவர் மெல்லச் சொல்லவில்லை. கட்டைகளின் படத்துக்குக் கீழே இருந்த அடிக்குறிப்புக்கு வந்ததும் நின்றார். இரண்டு தரம் வாசித்தார். பிறகு புத்தகத்தை மூடி, முகப்பில் இருந்த படத்தைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரோடு கதைப்பதுபோலச் சொன்னார்: “பயமெண்டா எனக்குச் சொல்லியிருக்கலாமே. நானும் பயத்திலைதானே வரமாட்டன், வரமாட்டன் எண்டனான்.”

அதன்பின் சாப்பாடு முடிந்து எல்லாரும் வெளிக்கிடும்வரை அவர் அந்தப் படத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நடுநடுவே அழுதார், அழுதுவிட்டு விட்ட இடத்தில் தொடங்கினார். மண்டபத்தைக் கூட்ட நின்றவர்களில் நானும் ஒருவன். கதிரைகளுக்குக் கீழே ஒரு கல்வெட்டுக்கூட இல்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, தங்கள் தொடரினால் நேர்ந்திருக்கும் சேதத்தைத் தாங்களே மதிப்பிடலாம். என் பழைய முறை இந்த ஊரில் இனிச் செல்லாது. இன்முகம் என்று எழுதினால் சனம் சிரிக்கிறது. பலர் உயிரோடு இருக்கும்போதே தம் கல்வெட்டுக்காக மாமியிடம் வந்து போகிறார்கள். எதிர்வீட்டு எலியாஸ், “அக்கா, நாங்கள் வேதக்காரர், எங்களுக்கும் நினைவு மலரிலை உப்பிடி அடிக்குறிப்புப் போடலாமோ, பங்குச் சுவாமியார் ஏசுவாரோ” என்று கேட்டுவிட்டுப் போனார். ஒருவர் தன் கோபத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்க வந்து, வாசலிலேயே கோபப்பட்டுவிட்டார். இன்னொருவர் தன்னிடம் எழுதும்படியாக ஒன்றுமில்லையே என்று கவலைப்பட்டு, இந்த வயதில் எக்கோடியன் வாத்தியம் பழகப் போயிருக்கிறார். அவருடைய மேல்வீட்டார் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். இதெல்லாம் ஓர் அமெரிக்கர் எங்கேயோ இருந்து, கலை என்பது விளக்கம் சொல்ல வந்தவர்கள் எழும்பிப் போன பிறகு மேசையில் மிஞ்சிக் கிடப்பது என்று எழுதியதால் வந்த வினை. அவருக்கு எங்கள் மேசைகளைத் தெரியாது. எங்களில் விளக்கம் சொல்ல வந்தவர்கள் எழும்பிப் போவதில்லை. தொடரை நிறுத்துங்கள். அந்தப் பக்கங்களில் சர்க்கரை வியாதிக் குறிப்புகள் போடலாம். அல்லது என்னிடம் பழைய புலம்பல்கள் நிறைய இருக்கின்றன.

மற்றும்படி உனக்கும் வீட்டாருக்கும் நல்லூரான் துணை. குளிர் போகிறது என்று நம்பித் தொப்பியைக் கழற்றாதே. இதழ் வளர்க, சந்தாதாரர் பெருகுக, அச்சுப்பிழை குறைக. சென்ற இதழில் என் பெயரில் ஒரு துணைக்கால் விழுந்து போயிருந்ததைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரனும் உன் மாமாவுமாகிய
ஆனந்தராஜா

பி.கு.: தக்சன், இது மாமி. இவர் கையாலை எழுதிப் போட்டு, போனிலை படமெடுத்து உனக்கு அனுப்பச் சொல்லித் தந்தவர். அனுப்ப முதல் வாசிச்சுப் பாத்தன். ராசமலர் அக்கா “இது ஆர்?” எண்டு கேட்டது உண்மை. அவ அண்டைக்கு மண்டபத்திலை சண்டை பிடிச்சதும் உண்மை. என்னைப் பற்றி எழுதின மிச்சம் எல்லாம் பொய். நான் உன்ரை அமெரிக்கனிலை ஒரு வரியும் வாசிக்கேல்லை, குறை நினையாதை. பஸ்சிலை நான் ஒண்டும் கதைக்கேல்லை, இவர்தான், “நான் அந்த மனிசிக்குத் துவாயைக் குடுத்திட்டன், துவாயைக் குடுத்திட்டன்” எண்டு சொல்லிக்கொண்டு வந்தவர், எனக்கு விளங்கேல்லை. மற்றநாள் காலமை சமையலறை மேசையிலை போய் இருந்தவரும் இவர்தான். வெங்காயம் உரிச்சது நான். அழுதது இவர். றொஷானிட்டைப் போனதும் இவர்தான், நான் அண்டைக்குப் பல்லு டொக்டரிட்டைப் போனனான். யோசிச்சுப் பார், அண்ணை பயமெண்டு இவருக்கு மட்டும்தானே சொன்னவர், எனக்கு எப்பிடித் தெரியும்? அச்சடிச்சு வந்தாப் பிறகுதான் என்ரை பேரைக் கண்டன். கேட்டதுக்கு, “நான் எழுதினதெண்டா சனம் நம்பாது” எண்டார். வெக்கம். இப்ப சனம் எனக்கு மீன்குழம்பும் புட்டும் கொண்டுவந்து தருது, திருப்பிக் குடுக்கேலாது, நாங்கள் சாப்பிட்டிட்டம்.

தொடரை நிப்பாட்டாதை. புது இதழ் வர இரண்டு நாள் பிந்தினா இவர் தபால் பெட்டியடியிலை போய் நிக்கிறார்.

எனக்கும் ஒண்டு இப்பவே எழுதுங்கோ, நான் இருக்கேக்கை வாசிச்சுப் பிழை சொல்லவேணும் எண்டு இவரைக் கேட்டனான். “உனக்கு ஒரு பக்கம் போதும், அது காணும்” எண்டு போட்டு மேசைக்குப் போனவர். நான் சோத்தை வடிச்சு இறக்கிறதுக்கிடையிலை திரும்பி வந்து நிண்டு, “ஒரு பக்கம் காணாது” எண்டார்.